பகலவன் பேரில் ஒரு ஓட்டு

கல்மண்டபம், ராயபுரம்.
ஆனி மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை.

என் சின்ன மகன் பகலவனுக்கு அம்மா வேம்பு எழுதுவது. நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன். முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் உன் பெண்டாட்டியும் பிள்ளையும் வடக்கே அந்தக் காண்ட்லா வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் அண்ணன் பேரை எடுத்தால் போதும், சிக்னல் இல்லம்மா என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கு அப்படித்தான் வைத்தாய். அதற்கு முன் தீபாவளிக்கும் வைத்தாய். நான் மறப்பவள் இல்லை என்று உனக்குத் தெரியும். காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. நடுவில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் ஊர் சேதி. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா கண் ஆபரேஷன் செய்துகொண்டாள். இப்போது என் வீட்டு ஒட்டடை எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறதாம், சொல்லிக்காட்டுகிறாள். உன் அண்ணன் மகள் கார்குழலி படிப்பை முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறாள். கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நிற்கிற நாளில் இருட்டித்தான் வீடு வருகிறாள். நீ இங்கே இருந்தபோது பாவாடை கட்டிக்கொண்டு ஓடினவள். சித்தப்பா எப்படி இருப்பார் என்று என்னைக் கேட்கிறாள். உன் போட்டோவைக் காட்டினேன். அதில் நீ மீசை இல்லாமல் இருக்கிறாய்.

இனி எலக்ஷன் சேதி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை பார்லிமென்ட் எலக்ஷனில் நங்கூரமும் குடையும் கூட்டணி. அது உனக்கு அங்கேயே தெரிந்திருக்கும். உனக்குத் தெரியாதது, நம் தொகுதியை நங்கூரக் கட்சி குடைக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. டிவியில் அதைச் சொன்னபோது உன் அண்ணன் ஜெயவேலு சோற்றில் கை வைத்திருந்தான். அப்படியே எழுந்து கை கழுவிவிட்டான். எனக்கு உன் அப்பா செத்த அன்றைக்கு நடந்ததுதான் கண் முன்னால் வந்தது.

நீ அதை மறந்திருக்க மாட்டாய். ஆனால் நீ நின்ற பக்கம் வேறு. நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஹார்பரில் மூட்டை தூக்கின நாளிலிருந்து உன் அப்பா நங்கூரக் கட்சி. கடைசி இரண்டு வருஷம் யூனியன் தலைவரோடு சண்டை போட்டுக்கொண்டு, உன்னோடு குடைக் கட்சி மாநாட்டுக்குப் போய் அவர்கள் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அதனால் ஜெயவேலு நங்கூரக் கொடியைக் கொண்டுவந்தான், நீ குடைக் கொடியைக் கொண்டுவந்தாய். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேலே அவன் ஒரு பக்கம் இழுத்தான், நீ ஒரு பக்கம் இழுத்தாய். மாலை கீழே விழுந்தது. அவன் உன் கன்னத்தில் அடித்தான், நீ அவன் சட்டையைக் கிழித்தாய். உள்ளே உங்கள் அப்பா படுத்திருந்தார். தெருப் பெரியவர்கள் இரண்டு கொடியையும் பிடுங்கி எறிந்தார்கள். அத்தனை வருஷம் கட்சி கட்சி என்று திரிந்த மனுஷன் வெறும் வேட்டியோடு போனார். பதினாறாம் நாள் முடிந்ததும் நீ ரயில் ஏறினாய். பதினோரு வருஷம் ஆகிறது.

அந்தக் குடைக் கொடியை உன் கையில் கொடுத்தவன் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? சுடலைராஜ். அப்போது அவன் குடையில் வட்டச் செயலாளர். இப்போது அவன் நங்கூரத்தில் வட்டச் செயலாளர். நாலு வருஷத்துக்கு முன்னால் தாவினான். உன் அண்ணனுக்கு இன்றைக்கு அவன்தான் மேலிடம். மேடையில் அவனுக்கு நாற்காலி, உன் அண்ணனுக்குக் கீழே தரை. நான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்விதான் கேட்பேன். குடை மாநாட்டுக்குச் சமைக்க நம் வீட்டுப் பித்தளை அண்டாவை வாங்கிக்கொண்டு போனானே, என் அம்மா வீட்டுச் சீர், அது எங்கே? திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவன் கட்சி மாறினபோது சாமான்களோடு அண்டாவும் நங்கூர ஆபீசுக்கு மாறிவிட்டது. வாசல் வழியாகப் பார்த்தால் தெரியும், அதில் போஸ்டர் ஒட்டுகிற பசை கரைத்து வைத்திருப்பார்கள்.

அந்த சுடலைராஜ்தான் பங்குனி மாதம் வீட்டுக்கு வந்தான். இன்னா ஆயா, நல்லாக்கீறியா என்று கும்பிட்டான். ஜெயவேலு பூத் ஏஜென்டாக உட்கார வேண்டும், குடைக்கு வேலை செய்ய வேண்டும், இது தலைமை உத்தரவு என்றான். நீங்கள் கொடுத்த கொடியால்தானே என் தம்பி போனான் என்று உன் அண்ணன் கேட்பான் என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை. சரிண்ணே என்றான். அவன் கேட்காததால் நான் அண்டாவைக் கேட்டேன். சுடலைராஜுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

உன் அண்ணனை உனக்குத் தெரியும். கட்சி சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பான். வீடு வீடாகப் போனான், சிலிப் கொடுத்தான். ஆனால் குடை என்ற வார்த்தை மட்டும் அவன் வாயில் வரவில்லை. நம்ம கூட்டணிச் சின்னம், நம்ம கூட்டணிச் சின்னம் என்றே சொல்லிக்கொண்டு போனான். கிழவிகளுக்கு என்ன புரியும்? கொருக்குப்பேட்டையிலிருந்து நம் தெருவுக்குக் குடிவந்த டோரதி அவனை நிறுத்தி, தம்பி, அதுக்கு ஒரு பேரு கிடையாதா என்று கேட்டாளாம். மழைக்குப் பிடிக்கிறதுக்கா என்றிருக்கிறான். கார்குழலி வந்து சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேட்பாளர் ஒருநாள் நம் தெருவுக்குத் திறந்த வண்டியில் வந்தார். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள், இந்த வீட்டில்தான் இரண்டு கொடிக்கும் சண்டை வந்தது என்று. போட்டோ எடுக்கிறவர்களோடு நேராக உள்ளே வந்துவிட்டார். உன் அப்பா படத்துக்குக் குறுக்கே இரண்டு கொடியையும் சேர்த்துப் போட வேண்டுமாம், பேப்பரில் வந்தால் நன்றாக இருக்குமாம். ஜெயவேலு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூ போடலாம், துணி வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு நான் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். பேப்பரில் வந்தது என் முதுகு.

ஓட்டு போட்ட அன்றைக்கு நல்ல வெயில். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில்தான் பூத். நானும் ரஹீமுன்னிசாவும் கைபிடித்துக்கொண்டு போனோம். வயசானவர்கள் என்று வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே விட்டார்கள். மிஷினில் நங்கூரம் இல்லை. தெரிந்துதான் போனேன், இருந்தாலும் கண் மேலும் கீழும் அதைத் தேடியது. நான் எதற்குப் போட்டேன் என்பதை உனக்கும் சொல்ல மாட்டேன், அவனுக்கும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது கால் பிடித்துக்கொண்டது. கதவு ஓரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே ஏஜென்டுகள் வரிசையாக ஓட்டர் லிஸ்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயவேலு நடுவில். எனக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் போனார்கள். பிறகு ஒரு ஆள் போனான். நம் ஏரியா இல்லை, புளியந்தோப்புப் பக்கத்து ஆள் என்று பிறகு சொன்னார்கள். சிலிப்பை நீட்டினான். முதல் மேஜையில் இருந்த அம்மாள் சத்தமாகப் படித்தாள். பகலவன், தகப்பனார் பேர் தணிகாசலம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நொடி நீதான் வந்துவிட்டாயோ என்று திரும்பிப் பார்த்தேன். பைத்தியக்காரி.

உன் பேரை லிஸ்டிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை வீட்டுக்குச் சரிபார்க்க வரும்போதும், இருக்கிறான், வேலைக்குப் போயிருக்கிறான் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஊரில் இல்லாதவர்கள் ஓட்டை எல்லாம் சுடலைராஜ் முன்னாடியே குறித்து வைத்திருந்திருக்கிறான். அந்த ஆள் அவன் அனுப்பின ஆள்தான். குடைக்குப் போடத்தான் வந்திருக்கிறான். அதாவது, ஜெயவேலு யாருக்கு ஏஜென்டாக உட்கார்ந்திருந்தானோ அவர்களுக்கே விழப்போகிற ஓட்டு. எதிர்க்கட்சி ஏஜென்டுகளுக்கு உன்னைத் தெரியாது. ஒருத்தரும் தலை நிமிரவில்லை. ஜெயவேலு லிஸ்டில் ஒரு கோடு போட்டிருந்தால் முடிந்தது.

இவன் எழுந்து நின்றான்.

"சார், பகலவன் என் தம்பி. அவன் ஊர்லயே இல்ல. இந்தாளு வேற யாரோ."

பதினோரு வருஷத்தில் உன் பேரும் தம்பி என்ற வார்த்தையும் அவன் வாயில் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டில் நான் உன்னைப் பற்றிப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவான். உனக்கு சிக்னல் கிடைக்காது, அவனுக்குக் காற்று போதாது. நான் பெற்றது இரண்டும் ஒரே மாதிரி.

ஆபீசர் நல்ல மனுஷன். ஆட்சேபம் என்றால் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், விசாரிப்பேன் என்றார். ஜெயவேலு சட்டைப் பையைத் தடவினான். டீக்கு வைத்திருந்த காசை எடுத்து மேஜையில் வைத்தான். அதற்குள் அந்த ஆள் சிலிப்பைப் போட்டுவிட்டு, என்னைத் தாண்டி, செருப்பு ஒன்று கழன்றதைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டான்.

சுடலைராஜுக்குச் சேதி போய்விட்டது. கேட்டுக்கு வெளியே வந்து நின்று ஜெயவேலுவைக் கூப்பிட்டான். நானும் ரஹீமுன்னிசாவும் அங்கேதான் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். எல்லாம் என் காதில் விழுந்தது.

"கூறு கீதாய்யா உனுக்கு? அது நம்ம ஓட்டு. உன் தம்பி இர்ந்தா அவனும் இதுக்குத்தான் குத்தியிருப்பான்."

உன் அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை.

"அவனே வந்து குத்தட்டும்."

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். பூத்தை மூடி சீல் வைக்கிற வரைக்கும் ஏஜென்ட் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் வந்தான். ரஹீமுன்னிசா என் கையை அழுத்தினாள். புதுக் கண்ணை வைத்துக்கொண்டு அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ரிசல்டுக்குக் காத்திருந்தோம். தெருவில் பேச்சு வளர்ந்தது. கூட்டணிக்குள் குழி பறித்தான் என்றார்கள். தம்பி மேல் இருந்த பழைய பகையை ஓட்டில் தீர்த்துக்கொண்டான் என்று ஒரு கூட்டம் சொன்னது. தம்பியோடு சேர்ந்துகொண்டு எதிர்க்கட்சிக்கு விலைபோய்விட்டான் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. ஒரே ஆள் எப்படி இரண்டையும் செய்ய முடியும் என்று நான் குழாயடியில் கேட்டேன். யார் யார் என்ன பேசினார்கள் என்று எல்லாம் என்னிடம் இருக்கிறது. நேரம் வரும்.

தொகுதியில் குடை ஜெயித்துவிட்டது. நம் பூத்தில் மட்டும் கொஞ்சம் ஓட்டு குறைந்துவிட்டது. சுடலைராஜுக்கு அது போதும். போன வாரம் கட்சிப் பேப்பரில் போட்டார்கள். கழகக் கட்டுப்பாட்டை மீறியதால், அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட எல்லாப் பொறுப்பிலிருந்தும் ஜெயவேலு நீக்கப்படுகிறார், கட்சிக்காரர்கள் யாரும் அவரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. கார்குழலி படித்துக் காட்டினாள். உன் அண்ணன் பேர் பேப்பரில் வந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு மத்தியானம் கட்சி ஆபீசுக்குக் கிளம்பினான். சண்டைக்குப் போகிறானோ என்று எனக்குப் பயம். அன்றைக்கு லீவில் இருந்த கார்குழலியைப் பின்னாலேயே அனுப்பினேன். உறுப்பினர் கார்டை மேஜையில் வைத்தானாம். சுடலைராஜ் ஏதோ பேச வாயைத் திறந்தானாம். இவன் அந்தப் பக்கம் பார்க்காமல் மூலையில் போய், பசையைக் கீழே கவிழ்த்துவிட்டு, அண்டாவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கல்மண்டபம் சிக்னலில் எல்லாரும் பார்த்தார்களாம். நடுவில் நசுங்கி, அடியில் பசை காய்ந்துபோய்க் கிடந்தது. புளி போட்டு மூன்று நாள் தேய்த்தேன். இப்போது முகம் தெரிகிறது.

இப்போது அவனுக்குக் கட்சி இல்லை. சாயங்காலம் ஆனால் எங்கே போவது என்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடக்கிறான். கூடத் திரிந்தவர்கள் எதிரில் வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவன் பெண்டாட்டி பேசச் சொல்கிறாள், அவனுக்கு வீட்டில் பேசிப் பழக்கம் இல்லை. முந்தாநாள் நான் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தான். கருவாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கடசீல அப்பா எந்தக் கட்சிம்மா?"

கடைசியில் அவர் மனசு எங்கே இருந்தது என்று கேட்கிறான். பகலா, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். நீங்கள் இரண்டு பேரும் கொடியை இழுத்தபோது நான் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நாற்பது வருஷம் சோறு போட்டவள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கூட இருந்தவள். எந்தக் கொடி என்று என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீயும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. சுடலைராஜ் மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், ஆனால் பெரிய கோபம் உங்கள் இரண்டு பேர் மேல்தான். இதை இவ்வளவு நாள் உள்ளேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னது உண்டு. ஜெயவேலுவிடம் நான் அதைச் சொல்லவில்லை. தனியாக ஒருத்தனுக்குச் சொல்ல மாட்டேன், உன் தம்பியும் வரட்டும், இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தான் சொல்வேன் என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போவான் என்று பார்த்தேன். போகவில்லை. ஒரு கருவாட்டை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டான். பிறகு கேட்டான், அவன் வருவானா என்று.

அதனால் எழுதுகிறேன். ஆடியில் அப்பா நினைவு நாள் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் சின்னச் சட்டியில் மீன் குழம்பு வைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பேன். அண்டா திரும்பி வந்த பிறகு சின்னச் சட்டியில் வைக்க மனசு வரவில்லை. நாங்கள் நாலு பேருக்கு அது பெரிது. நீங்கள் மூன்று பேரும் வந்தால், ரஹீமுன்னிசா வீட்டையும் கூப்பிட்டால், சரியாக இருக்கும். லீவு கேள். கொடுக்கவில்லை என்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். முட்டிவலி பொய் இல்லை.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன், பயந்துவிடாதே. என் மேல் எந்தக் கொடியும் வரக்கூடாது. இதை ஜெயவேலுவிடமும் சொல்லிவிட்டேன். நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஊதாச் சேலை கட்டாமல் அப்படியே இருக்கிறது. பீரோவில் இரண்டாம் தட்டு. அப்பாவுக்குப் பெரியவன், அம்மாவுக்குச் சின்னவன் என்பதுதான் நம் வழக்கம். ஜெயவேலு அவன் முறையைச் செய்துவிட்டான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் ஓட்டு போடாமல் அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை. உன் பெண்டாட்டியை நான் விசாரித்ததாகச் சொல். பிள்ளை தமிழ் பேசுகிறதா? ஆயா என்று சொல்லப் பழக்கு. வரும்போது அங்கே கிடைக்கிற இனிப்பு ஒன்றும் வாங்கி வராதே, எனக்கு சர்க்கரை. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா,
த. வேம்பு

எழுதி முடித்த பிறகு: உன் விலாசத்தை இங்கிலீஷில் எழுத வேண்டும், எனக்குத் தெரியாது. எப்போதும் கார்குழலிதான் எழுதுவாள். இன்றைக்கு அவள் வேலையிலிருந்து வரும் வரைக்கும் காத்திருக்க முடியாமல் ஜெயவேலு கவரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கவர் மேலே இருப்பது அவன் கையெழுத்து. தபால்காரர் கொடுத்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்தாய், இவ்வளவு தூரம் படித்தாய். டிக்கெட் எடுத்ததும் போன் செய். அவனே எடுப்பான். வைத்துவிடாதே.